டபிள்யூஎஸ் போதுமா, சாக்கெட்.ஐஓ வேண்டுமா?

சுமார் 500 பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நிலவரத் திரை. மாற்றம் வந்தால் உடனே தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் அவ்வப்போது சிறு குறிப்பும் அனுப்புவார்கள். இப்போது பிரவுசர் 3 விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோடில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்), வெப்சாக்கெட் என்ற இருவழி இணைப்புக்கான டபிள்யூஎஸ் லைப்ரரி போதுமா, கூடுதல் வசதிகளோடு வரும் சாக்கெட்.ஐஓ போடலாமா, ஒரே சர்வர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘எது இலகுவானது’ என்ற சொல் கேள்வியில் மூன்று முறை வருகிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: இலகுவானதை எடுத்தால் எந்தெந்த வேலை நம் தலையில் விழும்? அதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூஎஸ் போதும். ஆனால் அதோடு இருநூறு முந்நூறு வரி நீங்களே எழுத வேண்டியிருக்கும். அந்த வரிகள்தான் விஷயமே. நான் பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி நீண்ட இணைப்புகளோடு மல்லுக்கட்டி வருகிறேன், பெரும்பாலும் நோடில். கீழே சொல்வதில் நெறிமுறையில் (இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் விதிகளில்) எழுதியிருப்பது எது, லைப்ரரியின் இயல்பிருப்பு (நாம் மாற்றாதவரை இருக்கும் அமைப்பு) எது, என் கருத்து எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன். கருத்து என்று சொல்லும் இடத்தில் நீங்கள் மாறுபடலாம், தவறில்லை.

இருவழி இணைப்பு உண்மையிலேயே வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். 500 பேர், 3 விநாடிக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 167 கோரிக்கைகள். சின்ன சர்வர் கூட இதைத் தாங்கும். அதனால் இப்போது இருப்பது ஒன்றும் பாவமில்லை; ‘மாற்றம் இல்லை’ என்ற பதிலை விலை குறைவாகக் கொடுக்கும்படி எழுதியிருந்தால் அப்படியே விட்டுவிடக்கூட நான் சொல்வேன். 3 விநாடித் தாமதம்தான் உறுத்துகிறது, குறிப்புகள் எப்போதாவதுதான் வரும் என்றால், சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் என்ற வழி இருக்கிறது. அது சாதாரண ஹெச்டிடிபி பதில்தான், முடியாமல் நீண்டுகொண்டே போகும், அவ்வளவுதான். பிரவுசரில் ஈவென்ட்சோர்ஸ் என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. அறுந்தால் தானே மறுபடி இணையும். கடைசியாகப் பார்த்த நிகழ்வின் எண்ணை ‘லாஸ்ட் ஈவென்ட் ஐடி’ ஹெடரில் தானே அனுப்பும். குறிப்பு அனுப்ப வழக்கமான போஸ்ட் கோரிக்கை இருக்கவே இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஹெச்டிடிபி 1.1-இல் பிரவுசர் ஒரே டொமைனுக்கு 6 இணைப்புதான் திறக்கும். ஒருவர் ஏழு டேப் திறந்தால் ஏழாவது தொங்கும். ஹெச்டிடிபி 2 போட்டால் இந்தத் தொல்லை போகும். இன்னொன்று, என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸி (நடுவில் நின்று கடத்திவிடும் சர்வர்) பதிலைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பப் பார்க்கும். பஃபரிங் என்ற அந்தச் சேர்த்துவைப்பை அணைக்க வேண்டும். உங்கள் திரைக்கு நான் முதலில் இதைத்தான் முயல்வேன். ‘இல்லை, குறிப்புகள் உரையாடல் மாதிரி அடிக்கடி வரும், யார் தட்டச்சு செய்கிறார் என்பது கூடத் தெரிய வேண்டும்’ என்றால், சரி, வெப்சாக்கெட்டுக்கு வருவோம்.

வெப்சாக்கெட்டில் மந்திரம் எதுவும் இல்லை. 2011 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 6455 தான் அதன் விதிப்புத்தகம். பிரவுசர் ஒரு சாதாரண கெட் கோரிக்கை அனுப்புகிறது, ‘இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாமா’ என்று அப்கிரேட் ஹெடரோடு. சர்வர் 101 என்று பதில் சொன்னால் அடியில் இருக்கும் அந்த டிசிபி இணைப்பு (பைட்களைக் கொண்டுசேர்க்கும் குழாய்) அதற்கப்புறம் ஹெச்டிடிபி பேசாது. இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒட்டும் தலைப்பு சர்வரிலிருந்து வருவதற்குக் குறைந்தது 2 பைட், பிரவுசரிலிருந்து போவதற்குக் குறைந்தது 6 பைட். அந்தக் கூடுதல் 4 பைட் ஒரு முகமூடிச் சாவி. பிரவுசர் அனுப்பும் எல்லாவற்றையும் அந்தச் சாவியால் கலைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ரகசியம் காப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். சாவி கூடவே போகிறது, அப்புறம் என்ன ரகசியம்? பழைய வரைவில், கெட்ட எண்ணம் கொண்ட ஒரு பக்கம் நடுவில் இருக்கும் ப்ராக்ஸியை ஏமாற்றி அதன் கேஷில் (சேமித்துவைத்த பதில்களில்) பொய்யான பதிலைத் திணிக்க முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் வெப்சாக்கெட்டை அணைத்தே வெளியிட்டதற்கு அதுதான் காரணம். முகமூடி அதற்கான மருந்து. உங்கள் தரவைக் காக்க டிஎல்எஸ் என்ற மறையாக்கம்தான் வேண்டும்.

டபிள்யூஎஸ் லைப்ரரி செய்வது இந்த விதிப்புத்தகத்தை நோடுக்குள் கொண்டுவருவது மட்டுமே. கைகுலுக்கல் (அந்த 101 வரையிலான தொடக்கப் பேச்சு), செய்திகளைப் பிரித்தல், பிங் (‘இருக்கிறாயா’), பாங் (‘இருக்கிறேன்’), க்ளோஸ் (விடைபெறுதல்). வேறு எந்தப் பேக்கேஜையும் கட்டாயமாக இழுத்துவராது. அறைகள் (பயனர்களைக் குழுவாகப் பிரித்து அனுப்புவது) கிடையாது, தானாக மறுபடி இணைவது கிடையாது, ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை கிடையாது. சாக்கெட்.ஐஓ வேறு ரகம். அதுவும் அடியில் இதே டபிள்யூஎஸ்ஸைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் மேலே தனக்கென்று ஒரு நெறிமுறையைக் கட்டியிருக்கிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் 42 என்று ஒட்டியிருக்கும். 4 என்றால் ‘இது செய்தி’, 2 என்றால் ‘இது நிகழ்வு’. அதனால்தான் வெறும் வெப்சாக்கெட் கிளையன்ட் சாக்கெட்.ஐஓ சர்வரோடு பேச முடியாது, மறுதலையும் அப்படியே. நாளைக்கு உங்கள் தரவை வேறு மொழியில் எழுதிய ஒரு சின்னக் கருவி படிக்க வேண்டி வந்தால் இது முக்கியம். இயல்பிருப்பாக அது முதலில் லாங் போலிங்கில் (செய்தி வரும்வரை சர்வர் பதிலைப் பிடித்துவைக்கும் ஹெச்டிடிபி கோரிக்கைகளில்) தொடங்கி அப்புறம்தான் வெப்சாக்கெட்டுக்கு மாறும். போலிங் இருக்கும்வரை ஒருவரின் எல்லாக் கோரிக்கையும் ஒரே சர்வருக்குப் போக வேண்டும். இரண்டு சர்வர் வைத்து லோட் பேலன்சரில் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுப்பது) ஒருவரை ஒரே சர்வரோடு ஒட்டும் அமைப்பை மறந்தால் 400 பிழையாகக் கொட்டும். முதல் நாள் இதில் விழாதவர்கள் குறைவு.

இனி நம் தலையில் விழும் வேலைகள். முதலாவது, பெரியது, இணைப்பு செத்துவிட்டது என்று தெரிந்துகொள்வது. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டே கற்றுக்கொண்டேன்.

ஒரு வேலையில் உங்களுடையது மாதிரியே ஒரு திரை. மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. இணைப்பு அறுந்தால் சிவப்பாகும். ஒரு நாள் ஒருவர் ‘எனக்கு மட்டும் எதுவும் மாறவில்லை’ என்றார். போய்ப் பார்த்தால் பக்கத்து மேசையில் எண்கள் ஓடுகின்றன, இவர் திரையில் 20 நிமிடத்துக்கு முந்தைய நிலவரம். புள்ளியோ பளிச்சென்று பச்சை. பிரவுசர் கன்சோலில் இணைப்பின் நிலையைச் சொல்லும் ரெடிஸ்டேட்டைப் பார்த்தேன்: 1, அதாவது ‘திறந்திருக்கிறது’. சர்வர் லாகில் பார்த்தால் அந்த இணைப்பு சில நிமிடங்களுக்கு முன்பே மூடப்பட்டிருந்தது, 1006 என்ற எண்ணோடு.

நடந்தது இதுதான். கொஞ்ச நேரம் எந்த மாற்றமும் இல்லாததால் இணைப்பில் ஒரு பைட் கூடப் போகவில்லை. நடுவில் இருந்த ரூட்டர் அந்த இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து மறந்துவிட்டது. மறந்ததை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் அதற்கு இல்லை. அப்புறம் மாற்றம் வந்தபோது சர்வர் அனுப்பியது, பதில் ஒப்புகை வரவில்லை, திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தது. லினக்ஸில் இயல்பிருப்பாக இப்படி 15 முறை முயலும், ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடும், மொத்தத்தில் சுமார் 15 நிமிடம். அதற்கு அப்புறம்தான் சர்வருக்கே விஷயம் தெரிந்தது. பிரவுசரின் கதை இன்னும் மோசம். அது கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. எதையும் அனுப்பாத பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் செத்தது தெரிய டிசிபியில் வழியே இல்லை. சும்மா இருக்கும் இணைப்பை டிசிபியே சோதிக்கும் கீப்அலைவ் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அதன் இயல்பிருப்பு 2 மணி நேரம், அதுவும் நாம் கேட்டால்தான். 1006 என்பதும் எதிர்ப்பக்கம் அனுப்பிய காரணம் இல்லை. ‘க்ளோஸ் செய்தி வராமலே அறுந்தது’ என்று நம் பக்கமே போட்டுக்கொள்ளும் எண் அது. கம்பியில் அதை யாரும் அனுப்பவே கூடாது என்று விதியில் இருக்கிறது. அதனால் 1006-ஐ வைத்துக் காரணம் தேடாதீர்கள், அதில் காரணம் இல்லை.

மருந்து, நாடித்துடிப்பு. சர்வர் பக்கம் சுலபம்: 30 விநாடிக்கு ஒருமுறை எல்லா இணைப்புக்கும் பிங் அனுப்புங்கள், அனுப்பும்போது ‘உயிரில்லை’ என்று குறித்துவையுங்கள், பாங் வந்தால் ‘உயிர் உண்டு’ என்று மாற்றுங்கள். அடுத்த சுற்றில் இன்னும் ‘உயிரில்லை’ என்றே இருந்தால் டெர்மினேட் செய்யுங்கள், அதாவது உடனே வெட்டுங்கள். க்ளோஸ் வேண்டாம், அது எதிர்ப்பக்கத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும், செத்தவர் எங்கே பதில் சொல்வது? பாங்கை பிரவுசர் தானே அனுப்பிவிடும், அங்கே ஒரு வரி கூட எழுத வேண்டாம்.

சிக்கல் பிரவுசர் பக்கம்தான். பிங் வந்ததை ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்ல எந்த நிகழ்வும் இல்லை, பிங் அனுப்பவும் வழியில்லை. அதனால் சர்வர் பிங்கோடு கூட ஒரு சின்ன உரைச் செய்தியும் அனுப்ப வேண்டும், ‘இருக்கிறேன்’ என்று. நான் 25 விநாடிக்கு ஒன்று அனுப்புவேன். பிரவுசரில் எந்தச் செய்தி வந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 45 விநாடி எதுவும் வரவில்லையென்றால் செத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பழைய சாக்கெட்டை மூடச் சொல்லிவிட்டு, மூடிய நிகழ்வு வரும் என்று காத்திருக்காதீர்கள். செத்த இணைப்பில் அது வெகு நேரம் கழித்து வரலாம். பழையதன் ஹேண்ட்லர்களை (நிகழ்வு வந்தால் ஓடும் ஃபங்ஷன்களை) கழற்றிவிட்டு உடனே புதியதைத் திறங்கள். இந்த 25, 45 எல்லாம் என் பழக்கம், விதியில்லை. சாக்கெட்.ஐஓவின் நான்காம் பதிப்பில் இவை 25, 20. அதாவது கடைசி பிங்கிலிருந்து 45. தற்செயலான ஒற்றுமை இல்லை, அங்கிருந்துதான் எடுத்தேன்.

ஒரு சின்னக் கிளைக்கதை. சாக்கெட்.ஐஓவில் முன்பு பிரவுசர்தான் பிங் அனுப்பியது. மூன்றாம் பதிப்பில் திசையை மாற்றினார்கள். காரணம், பின்னணியில் கிடக்கும் டேபின் டைமர்களை பிரவுசர் மெதுவாக்கிவிடும். குரோம் 88-இலிருந்து நீண்ட நேரம் மறைந்திருக்கும் டேபில் டைமர் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அதனால் பிரவுசர் பக்கம் டைமரை எண்ணி முடிவெடுக்காதீர்கள். டேப் மறுபடி முன்னால் வரும் நிகழ்வில் கடிகாரத்தைப் பார்த்து, கடைசிச் செய்தி எப்போது வந்தது என்று கணக்கிடுங்கள்.

நாடித்துடிப்பு இன்னொரு வியாதிக்கும் மருந்து. ‘சரியாக ஒரு நிமிடத்தில் இணைப்பு அறுகிறது, என் லைப்ரரி மோசம்’ என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். என்ஜின்எக்ஸ் 60 விநாடி பின்பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லையென்றால் இயல்பிருப்பாக இணைப்பை வெட்டிவிடும். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கும் சும்மா இருக்கும் நேரத்தின் இயல்பிருப்பு 60 விநாடிதான். 25 விநாடிக்கு ஒரு செய்தி போனால் இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். என்ஜின்எக்ஸில் அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெடர்களைப் பின்பக்கத்துக்குக் கடத்தவும் மறக்காதீர்கள். மறந்தால் கைகுலுக்கலே நடக்காது.

இரண்டாவது வேலை, மறுபடி இணைவது. எழுதுவது பத்து வரி. தவறாக எழுதினால் உங்கள் சர்வரை நீங்களே தாக்குவீர்கள். புதிய பதிப்பைப் போட சர்வரை நிறுத்தி எழுப்பினால் 500 பேரும் ஒரே நொடியில் கதவைத் தட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் உள்நுழைவுச் சரிபார்ப்பு, ஆரம்ப நிலவரம் என்று இரண்டு டேட்டாபேஸ் வினவல் என்றால், வெப்சாக்கெட் தாங்கும், டேட்டாபேஸ் படுத்துவிடும். காத்திருக்கும் நேரத்தை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கி 30 விநாடியில் நிறுத்துங்கள். அதைவிட முக்கியம், அந்த நேரத்துக்குள் ஒரு தற்செயல் எண்ணை எடுத்துக் காத்திருப்பது. எல்லாரும் 4 விநாடி காத்திருந்தால் 4 விநாடி கழித்து எல்லாரும் சேர்ந்து வருவார்கள், அவ்வளவுதான். திறந்தவுடனே முயற்சிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்காதீர்கள். திறந்து முதல் செய்தி வந்தபின் ஆக்குங்கள். இல்லையென்றால் திறந்தவுடன் அறுக்கும் ஒரு பிழை இருந்தால் விநாடிக்கு ஒன்றாக முடிவில்லாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, அறுந்திருந்த நேரத்தில் தவறியவை. இது லைப்ரரியால் தீர்க்கவே முடியாத வேலை, ஏனென்றால் எது தவறினால் பரவாயில்லை என்பது உங்கள் தொழிலுக்குத்தான் தெரியும். சாக்கெட்.ஐஓ போட்டால் செய்தி தவறாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இல்லை. வரிசை மாறாது என்றுதான் அது உறுதி சொல்கிறது. சேருவது இயல்பிருப்பாக ‘அதிகபட்சம் ஒருமுறை’, அதாவது ஒருமுறை அல்லது ஒருமுறைகூட இல்லை. 4.6 பதிப்பில் சிறு இடைவெளிக்குள் திரும்பி வந்தால் விட்டதைத் தரும் வசதி வந்தது, அதையும் நாம்தான் இயக்க வேண்டும், எப்போதும் வெற்றிபெறும் என்று நினைக்கவும் முடியாது.

உங்கள் திரைக்கு என் யோசனை: ஒவ்வொரு மாற்றத்துக்கும் சர்வர் ஏறுவரிசையில் ஒரு எண் கொடுக்கட்டும். புதிதாகவோ மறுபடியோ இணைபவருக்கு முழு நிலவரமும், அது எந்த எண் வரைக்குமானது என்பதும் போகட்டும். விட்ட செய்திகளைத் தேடித் தேடி அனுப்புவதைவிட நிலவரத் திரைக்கு இதுவே எளிது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் முதலில் நிலவரத்தை வாங்கிவிட்டு அப்புறம் சாக்கெட்டைத் திறப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வந்த மாற்றம் யாருக்கும் கிடைக்காது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரி மட்டும் தப்பாக இருக்கும், யாராலும் திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் சாக்கெட்டைத் திறங்கள், வரும் மாற்றங்களை ஓரமாகச் சேர்த்துவையுங்கள், நிலவரத்தை வாங்குங்கள், அதன் எண்ணுக்கு மேற்பட்டவற்றை மட்டும் பொருத்துங்கள். எண் நடுவில் தாவினால் நிலவரத்தை மறுபடி கேளுங்கள்.

பிரவுசரிலிருந்து போகும் குறிப்புகளுக்கும் இதே கதைதான். செண்ட் என்று அழைத்துத் திரும்பிவந்தால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. இணைப்பு இன்னும் திறக்காத நிலையில் அழைத்தால் பிழை வீசும், பரவாயில்லை, தெரிந்துவிடும். மூடிய நிலையில் அழைத்தால் பிரவுசர் எதுவும் சொல்லாமல் குப்பையில் போட்டுவிடும். அதனால் குறிப்புக்கு ஒரு அடையாள எண் கொடுத்து, சர்வர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும்வரை ‘போய்க்கொண்டிருக்கிறது’ என்று காட்டுங்கள். மறுபடி இணைந்ததும் ஒப்புகை வராதவற்றைத் திரும்ப அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் சர்வர் இரண்டாவது முறை சேமிக்காமல் ஒப்புகை மட்டும் சொல்லட்டும்.

டபிள்யூஎஸ்ஸுக்கே உரிய மூன்று வழுக்கல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ‘எரர்’ நிகழ்வுக்கு ஹேண்ட்லர் போடுங்கள். போடாவிட்டால் யாரோ ஒருவர் அனுப்பும் கோணலான ஒரு ஃபிரேம் (செய்தித் துண்டு) முழு நோட் ப்ராசஸையும் கீழே தள்ளும். எட்டாம் பதிப்பிலிருந்து உரைச் செய்தியும் பஃபராகத்தான் (வெறும் பைட்களாகத்தான்) கையில் வரும். அதை அப்படியே மற்றவர்களுக்கு அனுப்பினால் பிரவுசரில் உரைக்குப் பதிலாக ப்ளாப் என்ற பைட் மூட்டை வந்து நிற்கும், ‘ஜேசன் ஏன் பிரியவில்லை’ என்று அரை நாள் போகும். மூன்றாவது நயவஞ்சகமானது: இணைப்பு வந்தவுடன் பயனரை டேட்டாபேஸில் பார்க்க அவெய்ட் போட்டு (பதில் வரும்வரை காத்திருந்து), அப்புறம் செய்தி ஹேண்ட்லரை மாட்டினால், அந்த இடைவெளியில் வந்த முதல் செய்தி காற்றில் போகும். உங்கள் கணினியில் ஒருபோதும் நடக்காது, டேட்டாபேஸ் தாமதமாகும் நாளில் நடக்கும். ஹேண்ட்லரை முதலில் மாட்டுங்கள்.

அனுமதி பற்றி. பிரவுசரின் வெப்சாக்கெட்டில் நாமாக ஹெடர் சேர்க்க முடியாது, ஆகவே ஆத்தரைசேஷன் ஹெடர் கனவை விடுங்கள். குக்கி தானாகப் போகும். அதுதான் ஆபத்தும்: வேறு தளங்களின் கோரிக்கையைக் கட்டுப்படுத்தும் வழக்கமான கார்ஸ் தடுப்பு இங்கே கிடையாது, வேறு தளத்தின் பக்கம் உங்கள் பயனரின் குக்கியோடு உங்கள் சர்வருக்கு இணைப்பைத் திறக்க முயலலாம். கைகுலுக்கலில் வரும் ஆரிஜின் ஹெடரை (எந்தத் தளத்தின் பக்கம் கேட்கிறது என்று சொல்வது) சரிபார்த்து, நமதில்லை என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். டபிள்யூஎஸ் இதைத் தானாகச் செய்யாது. டோக்கனை (பயனரை அடையாளம் காட்டும் சாவியை) முகவரியில் ஒட்டி அனுப்பினால் அது ப்ராக்ஸி லாகில் போய் உட்காரும். ஒருமுறை மட்டும் செல்லும், சில விநாடியே வாழும் சீட்டாக இருந்தால் ஒட்டலாம். செய்தியின் அதிகபட்ச அளவும் இயல்பிருப்பாக 100 மெகாபைட். உங்கள் குறிப்புக்கு 64 கிலோபைட் தாராளம், குறைத்துவையுங்கள்.

ஒரே சர்வர் தாங்குமா? 500 இணைப்பு ஒரு பொருட்டே இல்லை, இதில் சந்தேகமில்லை. ஒரு ஐபியில் 65,535 இணைப்புதான் முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த எல்லை, ஒரே முகவரியிலிருந்து உங்கள் ஒரே போர்ட்டுக்கு வருவதற்குத்தான். முன்னால் ப்ராக்ஸி இருந்தால் அதற்கும் உங்கள் நோடுக்கும் நடுவில் அந்த எல்லை உண்மையாகவே உறைக்கும், ஆனால் பல்லாயிரத்தில்தான். அதற்கு முன்பே திறந்த ஃபைல்களின் எல்லை குறுக்கே வரும். பல லினக்ஸ்களில் அது 1024. எண்ணிக்கையைவிட நீங்கள் பயப்பட வேண்டியது மந்தமான ஒரே ஒரு கிளையன்டுக்கு. அவர் வாங்காததெல்லாம் உங்கள் நோடின் மெமரியில் குவியும். அனுப்பும் முன், இப்படிக் குவிந்திருக்கும் அளவைச் சொல்லும் பஃபர்டுஅமௌன்ட்டைப் பாருங்கள். ஒரு மெகாபைட் தாண்டினால் அவரை அறுத்துவிடுங்கள். மறுபடி வருவார், முழு நிலவரம் வாங்கிக்கொள்வார். மேலே சொன்ன எண் ஏற்பாடு இருப்பதால் அறுப்பது நமக்கு ஆயுதம் ஆகிவிடுகிறது. செய்திச் சுருக்கத்தைச் சர்வரில் டபிள்யூஎஸ் அணைத்தே வைத்திருக்கிறது, மெமரியும் வேலையும் கூடும் என்பதால், அப்படியே இருக்கட்டும். மொத்தம் எத்தனை பேர் தாங்கும் என்பதற்கு என்னிடம் பொது எண் கிடையாது; அது உங்கள் செய்தியின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது, அளந்துதான் பார்க்க வேண்டும். இரண்டாவது ப்ராசஸ் போடும் நாள் வந்தால், ஒன்றில் நடந்ததை மற்றதற்குச் சொல்ல ரெடிஸ் மாதிரி ஒரு பொதுத் தகவல் கடத்தி வேண்டும். இன்றே அதைக் கட்டாதீர்கள்.

சாக்கெட்.ஐஓவை எப்போது எடுப்பேன்? வெப்சாக்கெட்டைத் தடுக்கும் பழைய ப்ராக்ஸிகளுக்குப் பின்னால் இருக்கும் பயனர்கள் என்றால், அந்த லாங் போலிங் மாற்றுவழி தங்கம். அறைகள், ஒப்புகை எல்லாம் நாளை மறுநாள் வேண்டும், குழுவில் இதைப் பராமரிக்க ஆளில்லை என்றாலும் எடுப்பேன். அதன் எடை பெரிய குற்றமில்லை. இரண்டு பக்கமும் அதன் மொழியையே பேச வேண்டும் என்பதுதான் நான் கொடுக்கத் தயங்கும் விலை. பைதானில் எழுதுகிறீர்கள் என்றால் வெப்சாக்கெட்ஸ் லைப்ரரி 20 விநாடிப் பிங்கைத் தானே செய்துகொள்ளும், சர்வர் பக்கம் ஒரு வேலை குறையும். பிரவுசர் பக்க வேலை அப்படியேதான் இருக்கும். நோட் 22-இல் வெப்சாக்கெட் கிளையன்ட் உள்ளேயே வருகிறது, சோதனை ஸ்கிரிப்ட் எழுத வசதி. சர்வருக்கு இன்னும் டபிள்யூஎஸ் மாதிரி ஒன்று தேவை.

சோதனையைச் சரியாகச் செய்யுங்கள். டேபை மூடிப் பார்ப்பது சோதனை ஆகாது, பிரவுசர் ஒழுங்காக விடைபெற்றுத்தான் போகும். சர்வரைக் கில் செய்வதும் அப்படியே. செத்த ப்ராசஸுக்காக இயங்குதளம் எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிவிடும். லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டின் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள்: 45 விநாடிக்குள் புள்ளி சிவப்பாகிறதா, விதியை நீக்கியதும் எண்கள் விடுபடாமல் தொடர்கின்றனவா. அப்புறம் சர்வர் ப்ராசஸுக்கு சிக்ஸ்டாப் என்ற நிறுத்தச் சைகை அனுப்பி உறைய வையுங்கள். அப்போது இன்னொரு ஓட்டை தெரியும். புதிய இணைப்பு முயற்சிக்கு டிசிபி அளவில் இயங்குதளமே தலையாட்டிவிடும், 101 மட்டும் வராது, பிரவுசர் ‘இணைகிறது’ என்ற நிலையிலேயே வெகு நேரம் தொங்கும். திறப்பதற்கும் 10 விநாடி கெடு வைத்து, தாண்டினால் கைவிட்டு அடுத்த முயற்சிக்குப் போகச் செய்யுங்கள். என் முதல் மூன்று திட்டங்களிலும் இந்த ஒரு வரி இல்லை.